நடுவயதில் திடீரென வந்த உணவு ஒவ்வாமை: முதல் ஒரு மணி நேரத்தை எழுதி வையுங்கள்

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரிகள் இருக்கின்றன. கையெழுத்து என் மகளுடையது.

"8.10 – அம்மா இறால் சாப்பிட்டாள், ஏழெட்டு இருக்கும். 8.30 – உள்ளங்கை அரிப்பு. 8.35 – காது சிவந்துவிட்டது, வயிற்றை முறுக்குகிறது என்கிறாள். 8.40 – குரல் கம்மிவிட்டது. 8.45 – குளியலறைக்குப் போக எழுந்தாள், விழுந்துவிட்டாள்."

அப்போது எனக்கு 46 வயது. பல் முளைத்த நாளிலிருந்து இறால் சாப்பிட்டு வளர்ந்தவள். அன்று ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட இறாலின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு சீரானது. இரண்டு வாரம் கழித்து ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தபோது, அவர் என் பேச்சை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அந்த ஐந்து வரியைத்தான் இரண்டு முறை படித்தார். "இது போதும், பாதி வேலை முடிந்தது" என்றார்.

கணக்கு எழுதுவது என் தொழில். நினைவிலிருந்து எழுதும் கணக்கு ஒருநாளும் நேராது என்பது எனக்கு 25 ஆண்டு அனுபவம். உடம்பின் கணக்கும் அப்படித்தான். நடுவயதில் ஓர் உணவு திடீரென ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது என்பதை, நான் தவறவிட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இப்போதே உடம்பில் ஏதாவது நடந்துகொண்டிருந்தால்

மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரண்டு மணி நேரத்திலோ மூச்சுத்திணறல், தொண்டை இறுக்கம், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், தலைசுற்றல், கண் இருளுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அது அவசரநிலை. தோலில் தடிப்போடு கடும் வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ சேர்ந்து வந்தாலும் அப்படியே. இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். தோலில் ஒன்றுமே தெரியாமலும் இது வரும் என்பதை நினைவில் வையுங்கள். தடிப்பைத் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள்.

கையில் அட்ரினலின் ஊசி இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி. துணியின் மேலேயே போடலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஊசி இல்லையென்றால் ஆம்புலன்ஸ்தான் முதல் வேலை. "சாப்பாட்டு ஒவ்வாமை, மூச்சு முட்டுகிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், இரண்டாவது ஊசி இருந்தால் அதையும் போடலாம்.

அடுத்தது படுக்கை. மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால், கால்களைத் தரையில் நீட்டியபடி முதுகைச் சாய்த்து உட்காரலாம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கமாக. எழுந்து நிற்கவோ நடக்கவோ கூடாது. அனாஃபிலாக்சிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் எழுந்து நின்றால் ரத்தம் கால்களில் தேங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வராது. நான் குளியலறைக்கு எழுந்தபோது நடந்தது அதுதான். ஊசி போட்டபின் "இப்போது நன்றாக இருக்கிறது" என்று எழுந்தவர்கள் அந்த நொடியில் உயிரிழந்ததும் உண்டு. ஸ்ட்ரெச்சர் வரும்வரை படுத்தே இருங்கள்.

வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது அரிப்பு மாத்திரையைத்தான். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை தோலின் அரிப்பை ஆற்றும், அதுவும் மெதுவாக. அடைத்துக்கொண்டு வரும் மூச்சுக்குழாயை அது திறக்காது; சரியும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. இரண்டையும் செய்வது அட்ரினலின் ஒன்றே. மாத்திரையைப் போட்டுவிட்டு "பார்க்கலாம்" என்று காத்திருப்பது ஆபத்து. வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம்.

குணமான பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்கச் சொல்வார்கள். சிலருக்கு முதல் தாக்கம் அடங்கியபின், மேற்கொண்டு எதுவும் சாப்பிடாமலேயே, மறுபடி கிளம்பும். வீட்டு வேலை கிடக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

முதலில் சாப்பிட்டது. பெயர் மட்டும் போதாது. வேகவைத்ததா, வறுத்ததா, பச்சையா, எவ்வளவு, கூட என்னென்ன, பொட்டலத்தில் வந்தது என்றால் அதன் லேபிளைப் படம் எடுங்கள், உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதே உணவைச் சாப்பிட்ட மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து நேரம். முதல் வாய்க்கும் முதல் அரிப்புக்கும் இடையே எத்தனை நிமிடம்? அறிகுறிகள் எந்த வரிசையில் வந்தன? என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு, எப்போது அடங்கியது? தோலில் வந்த தடிப்பை உடனே படம் எடுங்கள். ஒரு தடிப்பு பெரும்பாலும் ஒரு நாளைக்குள் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

மூன்றாவதுதான் பலரும் எழுதாதது: அன்று அந்த உணவைத் தவிர வேறென்ன நடந்தது? வலி மாத்திரை, மது, உடற்பயிற்சி, காய்ச்சல், மாதவிடாய், தூக்கமின்மை. இவை உணவு ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளுக்குள் இருக்கும் ஒவ்வாமையைத் தூண்டிப் பெரிதாக்குகின்றன. அன்று எனக்கு முழங்கால் வலி. இரவு 7.30 மணிக்கு ஐபுபுரூஃபன் மாத்திரை ஒன்று போட்டிருந்தேன். மருத்துவர் கேட்கும்வரை அது எனக்கு ஒரு செய்தியாகவே தோன்றவில்லை. மாத்திரை இல்லாத நாளில் வெறும் உதட்டு அரிப்போடு நின்றது, மாத்திரை போட்ட நாளில் என்னைக் கீழே தள்ளிவிட்டது.

ஆம், உதட்டு அரிப்பு. யோசித்துப் பார்த்தால் எனக்கு முன்னறிவிப்பு இரண்டு முறை வந்திருந்தது. மூன்று மாதம் முன்பு இறால் சாப்பிட்டபோது உதடு குறுகுறுத்தது. மிளகின் காரம் என்று தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் இரவு, தொடை முழுக்கத் தடிப்பு. அம்மா பார்த்துவிட்டு, "காணாக்கடி, ஏதோ பூச்சி கடித்திருக்கிறது" என்றார். மறுநாள் போன இடத்தில் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். முந்தைய இரவு என்ன சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதனால் எல்லோரும் படுக்கையை உதறிப் பார்த்தோம், தட்டைப் பார்க்கவில்லை. தடிப்பு வந்தால், கடந்த சில மணி நேரத்தில் வயிற்றுக்குள் போனவற்றையெல்லாம் ஒருமுறை எழுதிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் இருக்கும்போதே ஒன்று கேளுங்கள்: டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை. ஒவ்வாமைத் தாக்கத்தில் தூண்டப்படும் செல்கள் வெளியிடும் பொருள் அது. அறிகுறி தொடங்கி ஓரிரண்டு மணி நேரத்தில், அதிகம் போனால் 4 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். முழுக்கக் குணமாகி ஒரு நாள் கடந்தபின் இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுவார்கள். உணவு ஒவ்வாமையில் இது உயராமலும் போகலாம். உயர்ந்திருந்தால் நல்ல சாட்சி. அட்ரினலின் கொடுப்பதை இதற்காக ஒரு நொடிகூடத் தள்ளிப்போடக் கூடாது.

இத்தனை வருடம் ஒத்துக்கொண்டது எப்படி?

நான் சந்தித்த ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 2019-இல் அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு வெளிவந்தது. உணவு ஒவ்வாமை உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, குறைந்தது ஓர் உணவாவது வளர்ந்த பிறகே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது. பெரியவர்களிடம் அதிகம் காணப்பட்டது இறால், நண்டு வகை ஒவ்வாமை. ஆகவே இது அபூர்வம் அல்ல.

எனக்கு மருத்துவர் விளக்கிய விதம் இது. உடம்பு ஓர் உணவின் புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது தோலிலும் குடலிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இந்தத் தயாரிப்பு நடக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வரும்போது அந்தச் செல்கள் அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமினையும் பிறவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. அந்தக் குறிப்பு எந்த வயதிலும் எழுதப்படலாம். எதிரி வாய் வழியாக வர வேண்டும் என்பதும் இல்லை. இறாலில் இருக்கும் முக்கிய ஒவ்வாமைப் புரதத்தின் பெயர் ட்ரோபோமயோசின். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளிலும் கரப்பான் பூச்சியிலும் அதற்கு நெருங்கிய உறவான புரதம் இருக்கிறது. எனக்குப் பல ஆண்டுகளாகத் தூசி தட்டினால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். அதையும் இறாலையும் ஒரே நூலில் கோக்க முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

முன்பு தாங்கியதால் இப்போதும் தாங்கும் என்ற நம்பிக்கையை 1902-லேயே இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் உடைத்துவிட்டார்கள். சார்ல் ரிஷேவும் பால் போர்ட்டியேவும் கடல் சாமந்தி எனப்படும் கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை பிழைத்த நாய், சில வாரம் கழித்து மறுபடி சிறிய அளவு கொடுத்தபோது நிமிடக் கணக்கில் இறந்தது. அனாஃபிலாக்சிஸ் என்ற சொல்லே அந்த ஆய்வில்தான் பிறந்தது; 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது உங்கள் தட்டில் ஒரு கரண்டி வைக்க வந்தால், அந்த நாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை போல் தோன்றும் வேறு சில

அதே 2019 கணக்கெடுப்பில், தனக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாகச் சொன்னவர்கள் 19 சதவீதம். அறிகுறிகளை ஆராய்ந்தபோது நம்பத்தக்கதாக இருந்தது சுமார் 11 சதவீதம். அதாவது நாமாகவே முடிவு கட்டினால் தவறிப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. வேண்டாத உணவை ஒதுக்கிச் சத்துக் குறைந்துபோவது ஒரு பக்கம். உண்மையான காரணத்தை விட்டுவிட்டு அடுத்த தாக்கத்துக்கு ஆளாவது இன்னொரு பக்கம்.

மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எழுதச் சொன்னேன் அல்லவா? சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தபின் சரியாகக் குளிர்விக்காமல் வைத்தால், பாக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமினை உருவாக்கிவிடும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடல் சூடேறி, தலைவலி, தடிப்பு எல்லாம் வரும். பார்த்தால் ஒவ்வாமை போலவே இருக்கும். ஆனால் அது கெட்ட மீனின் நஞ்சு. ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

தடிப்போ அரிப்போ இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், நீங்கள் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏசிஇ தடுப்பான் என்ற வகை மருந்து, பல ஆண்டுகள் சாப்பிட்ட பிறகும் இப்படி வீங்க வைக்கும். அவர் சொல்லாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் மூச்சு விடச் சிரமம் என்றால் அதுவும் அவசரநிலைதான். பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிந்தால் அது பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காமை. தொல்லையே தவிர உயிராபத்து இல்லை. விழுங்கும்போது உணவு நெஞ்சில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்றால் அது உணவுக்குழாயில் வரும் வேறொரு வகை ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம்; எண்டோஸ்கோப்பி பார்த்தால்தான் தெரியும். ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்து போகும் தடிப்புக்குப் பெரும்பாலும் உணவு காரணமாக இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒவ்வாமையாகவே இருந்தும் சட்டெனப் பிடிபடாத வகைகள் உண்டு. கோதுமை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஓடினாலும் ஒன்றும் ஆகாது. கோதுமை சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் அனாஃபிலாக்சிஸ் வரும். பெரியவர்களிடம் காணப்படும் வகை இது. இன்னொன்று உண்ணிக் கடியால் வருவது. சில வகை உண்ணிகள் கடித்தபின், ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு உடம்பு எதிரியாகிவிடுகிறது. அது மாடு, ஆடு, பன்றி இறைச்சிகளில் இருக்கிறது. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. 2 முதல் 6 மணி நேரம் கழித்து, நள்ளிரவில் தடிப்போடும் வயிற்றுவலியோடும் எழுந்து உட்கார்வார்கள். இரவு உணவை யார் சந்தேகிப்பார்கள்? நேரத்தை எழுதி வைத்தால்தான் இது பிடிபடும். ஆப்பிள் போன்ற பழத்தைப் பச்சையாகக் கடித்தால் வாய் அரிக்கிறது, வேகவைத்தால் ஒன்றுமில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் மகரந்த ஒவ்வாமையின் நீட்சி அது. அநேகமாக வாயோடு நின்றுவிடும், ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனைகள்

ஒவ்வாமை மருத்துவரிடம் போகும் நாள்வரை சந்தேக உணவை முழுக்க நிறுத்துங்கள். வீட்டில் "ஒரு துளி வைத்துப் பார்க்கலாம்" என்ற சோதனை கூடவே கூடாது. தோல் பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தச் சொல்வார்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது இருக்கும் என்பதால் சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். பீட்டா தடுப்பான் வகை இதய மருந்து சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அது அட்ரினலினின் வேலையை மட்டுப்படுத்தும்.

என் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதினார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு. அதன் வழியே ஊசிமுனையால் மெல்ல ஒரு கீறல். ஒன்று வெறும் உப்பு நீர், ஒன்று ஹிஸ்டமின், இரண்டும் ஒப்பிடுவதற்காக. 15 நிமிடம் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். 4 என்று எழுதிய, இறால் சொட்டு வைத்த இடம் முதலில் சிவந்தது. பிறகு கொசு கடித்தது போல வெளுத்து எழும்பியது. பிறகு விளிம்பு நெளிந்து பரவியது. உப்பு நீரைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக எழும்பினாலே கணக்கில் எடுப்பார்கள். என்னுடையது 9. சிறு வயதிலிருந்து எனக்குப் பிடித்த உணவு, என் கையிலேயே அப்படி எழும்பி நிற்பதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இழப்பு இழப்புதான்.

ஆனால் இந்தப் பரிசோதனையும், ஐஜிஇ அளக்கும் ரத்தப் பரிசோதனையும் சொல்வது உடம்பு அந்தப் புரதத்தைக் குறித்து வைத்திருக்கிறது என்பதை மட்டுமே. குறித்து வைத்தும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் கதையும் பரிசோதனையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்கிறார்கள். நோட்டுப் பக்கத்துக்கு மதிப்பு வருவதும் இங்கேதான். கதை இல்லாமல் நூறு உணவுகளுக்கு மொத்தமாகச் சோதிப்பது குழப்பத்தையே தரும். குறிப்பாக ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளந்து "உங்களுக்கு 40 உணவுகள் ஆகாது" என்று பட்டியல் தரும் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐஜிஜி இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள், அவ்வளவே. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அதை ஏற்பதில்லை.

இறுதித் தீர்ப்பு தருவது, மருத்துவமனையில் கண்காணிப்போடு சிறிது சிறிதாகச் சாப்பிட்டுப் பார்க்கும் சோதனை. எனக்கு அது இறாலுக்குத் தேவைப்படவில்லை, மீனுக்குத் தேவைப்பட்டது. அந்த இரவுக்குப் பிறகு பயத்தில் ஏழு மாதம் நான் மீனையே தொடவில்லை. இறாலுக்கும் மீனுக்கும் ஒவ்வாமைப் புரதம் வேறு வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது என்ற விதி இல்லை. நண்டும் சிங்கி இறாலும் இறாலின் நெருங்கிய உறவு, அவற்றைச் சேர்த்தே விட வேண்டியிருந்தது. படுக்கையில் உட்கார வைத்து, கடுகளவு மீனில் தொடங்கி, இடைவெளி விட்டுவிட்டு அளவைக் கூட்டினார்கள். முதல் துண்டை வாயில் வைத்தபோது நாடித்துடிப்பு 118 என்று திரையில் காட்டியது. நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது பயம் அம்மா, ஒவ்வாமை இல்லை" என்றார். அன்று மாலை முழுத் துண்டு சாப்பிட்டேன். உங்களுக்கு எது ஆகாது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியமோ, எது ஆகும் என்று கண்டுபிடிப்பதும் அவ்வளவு முக்கியம்.

இறால் ஒவ்வாமைக்கு அயோடின் காரணம், அதனால் ஸ்கேனுக்கு முன் போடும் அயோடின் கலந்த மருந்தும் ஆகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு, காரணம் புரதம்தான்.

ஊசியோடு பழகுதல்

மருத்துவர் எழுதிக் கொடுத்தால், இரண்டு அட்ரினலின் தானியங்கி ஊசிகள் எப்போதும் உடன் இருக்க வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று அலுவலகத்தில் என்று பிரித்து வைக்காதீர்கள். ஒன்று போதாமல் போகும் நேரத்துக்காகத்தான் இரண்டாவது. பெரியவர்களுக்கான பொதுவான அளவு 0.3 மில்லிகிராம். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காரிலும் விடக் கூடாது. 2024-இல் அமெரிக்காவில் மூக்கில் அடிக்கும் அட்ரினலினுக்கும் அனுமதி கிடைத்தது. ஊசிக்கு அஞ்சுபவர்கள் தங்கள் ஊரில் அது உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஊசி இல்லாத பயிற்சிக் கருவி ஒன்று கிடைக்கும். அதை வாங்கிப் பழகுங்கள், வீட்டாரைப் பழக்குங்கள். முதல் நாள் என் கணவர் கட்டைவிரலைக் கருவியின் முனையில் வைத்துப் பேனாவைப் போல் அழுத்தினார். உண்மையான ஊசியாக இருந்தால் அவர் விரலில் இறங்கியிருக்கும். முஷ்டியால் பிடிக்க வேண்டும், விரல் எந்த முனையிலும் இருக்கக் கூடாது, மூடியைக் கழற்றி, தொடையில் செங்குத்தாக அழுத்தி, 'க்ளிக்' சத்தம் வந்தபின் சில நொடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். எத்தனை நொடி என்பது கருவிக்குக் கருவி மாறும், உறையில் அச்சிட்டிருக்கும். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மகள் என்னைச் சோபாவில் படுக்க வைத்து, "அம்மா, படுத்தே இரு, எழுந்திருக்காதே" என்று சொல்லிச் சொல்லி ஒத்திகை பார்க்கிறாள்.

வீட்டிலும் வெளியிலும்

வீட்டில் இறால் சமைப்பதையே நிறுத்திவிட்டோம். நான் கேட்கவில்லை, அவர்களாகச் செய்தார்கள். வெந்துகொண்டிருக்கும் இறாலின் ஆவியே சிலருக்குத் தாக்கத்தைக் கிளப்பும் என்பதால் அது நல்ல முடிவு. முடியாத வீடுகளில் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி வெட்டுப்பலகை வேண்டும். சூடு இந்தப் புரதத்தை அழிக்காது. ஆகவே இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த எதுவும் உங்களுக்கு இறாலே.

உணவகத்தில் பரிமாறுபவரிடம் "இறால் வேண்டாம்" என்று சொன்னால், பிடிக்காது என்று எடுத்துக்கொள்வார்கள். "இறால் பட்டால் எனக்கு மூச்சு நின்றுபோகும், அதே எண்ணெயில் பொரித்ததும் கூடாது, சமைப்பவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று நான் சொல்கிறேன். பதில் தயக்கமாக வந்தால் எழுந்து வந்துவிடுவேன். முதல் சில முறை கூச்சமாக இருந்தது. உறவினர் வீட்டில் இன்னும் கடினம். அன்போடு ஊட்ட வரும் கையை விலக்குவது போலத் தோன்றும். முன்னாலேயே தொலைபேசியில் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள். போன மாதம் வாங்கிய அதே பொருளின் சேர்மானம் இந்த மாதம் மாறியிருக்கலாம். கட்டாயமாகக் குறிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14, அமெரிக்காவில் 2023-இல் எள்ளும் சேர்ந்து 9. ஐரோப்பியப் பட்டியலில் சிப்பி, கணவாய் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டுப் பொட்டலம் கைக்கு வந்தால் இதை மறக்காதீர்கள். பால் ஆகாதவர்கள் கேசீன், வே என்ற பெயர்களையும் தேட வேண்டும்.

சிறு வயதில் வரும் பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். பெரியவர்களுக்கு வந்தது பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஒமாலிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் இதற்காக அனுமதி கிடைத்தது; தெரியாமல் சிறிதளவு வயிற்றுக்குள் போனால் வரும் தாக்கத்தைக் குறைக்க, தொடர்ந்து போட்டுக்கொள்வது அது. உணவை விலக்குவதும் அட்ரினலினும் அப்போதும் தேவை.

கடைசியாக, தேதி. அட்ரினலின் ஊசிக்குக் காலாவதி உண்டு, பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்குள். வாங்கிய அன்றே அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முந்தைய நாளைக் காலண்டரில் குறியுங்கள். கருவியின் சிறு கண்ணாடியில் தெரியும் மருந்து தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தாலோ துகள் தெரிந்தாலோ புதியது வாங்குங்கள். புதியது கைக்கு வரும்வரை பழையதை வீசிவிடாதீர்கள். தாக்கம் வரும் நேரத்தில் வேறு இல்லையென்றால், காலாவதியான ஊசியைப் போடுவது ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மேல்.